தண்ணீரில் பவுடர் போட்டால் அடுப்பு எரியுமா?

மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மொட்டைமாடியில் கண்ணாடித் தொட்டி வைத்து, தண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்தால் வெயிலிலேயே ஹைட்ரஜன் வருமாம், கேஸ் சிலிண்டரே வாங்க வேண்டாமாம். ஒருவர் செய்தும் காட்டினார். குமிழி பொங்கி வந்தது. மாதம் ஒருமுறை பவுடரை மட்டும் மாற்ற வேண்டுமாம். போடலாமா?”

வேண்டாம். ஆனால் விஷயம் முழுப் பொய்யும் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு மீது ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்று ஜப்பான் விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் எழுதினார்கள். (நம் வீட்டு வெள்ளை பெயின்ட்டில் இருப்பதும் அதே சரக்குதான்.) அது புற ஊதாக் கதிரில்தான் வேலை செய்யும். மதுரை வெயில் மண்டையைப் பிளந்தாலும், அதில் புற ஊதா நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான்.

ஜப்பானில் வேறொரு ஒளிவினையூக்கியை (ஒளி பட்டதும் வினையைத் தூண்டிவிடும் பொருள்) வைத்து 100 சதுர மீட்டருக்குப் பலகை விரித்துப் பார்த்து, 2021-இல் எழுதினார்கள். வெயிலின் ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது, அதிகபட்சம் 0.76 சதவீதம். உங்கள் மாடியில் 10 சதுர மீட்டர் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அதில் விழும் வெயில் சுமார் 50 யூனிட். அந்த உச்ச அளவே நாள் முழுக்கக் கிடைத்தாலும் வருவது 11, 12 கிராம் ஹைட்ரஜன். கேஸ் கணக்கில் 30 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வருகிற வீட்டில் தினமும் 300 கிராமுக்கு மேல் எரிகிறது. அதே இடத்தில் சாதாரண சோலார் பேனல் போட்டால் தினமும் 8 யூனிட் கரண்ட் வரும். இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்துவிட்டு ஃபேனும் ஓட்டலாம்.

அப்புறம், ஆபத்து. இந்தத் தொட்டியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வரும். ஒரு சின்னப் பொறி போதும், வெடித்துவிடும். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, வாசனையில்லை. எரிந்தால் பகலில் தீயே கண்ணுக்குத் தெரியாது. கேஸ் அடுப்பு பர்னரில் விட்டால் தீ குழாய்க்குள் பின்னோக்கிப் பாயும். இதைச் சமையல்கட்டுக்குள் விடுவதா?

சரி, நீங்கள் பார்த்த குமிழி? எனக்குச் சந்தேகம் அந்த ‘மாதம் ஒருமுறை’யில்தான். வினையூக்கி என்றால் வினையில் அது செலவாகக் கூடாது. அலுமினியத் தூளைக் காஸ்டிக் சோடா கரைசலில் போட்டாலும் ஹைட்ரஜன் பொங்கி வரும். அங்கே எரிபொருள் அலுமினியம்தான், வெயிலுக்கு வேலையே இல்லை. அவர் மறுபடி வந்தால், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் திறந்தவெளியில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பாதியில் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பாருங்கள். இருட்டிலும் குமிழி வந்தால், அவர் உங்களிடம் விற்க வந்தது வெயிலை அல்ல.