உறைபனிக் காலத்தில் அமெரிக்காவின் வடக்குக் காடுகளில் பறவை பார்க்கப் போவது வீண்தானா?

வீண் இல்லை, தாராளமாகப் போங்கள். கோடையில் கிடைக்கும் பட்டியல் நீளம் மட்டும் கிடைக்காது. நாள் முழுக்கச் சுற்றினாலும் கொஞ்சம் வகைகள்தான் தேறும். ஆனால் அவற்றில் சில, மற்ற மாதங்களில் லேசில் கண்ணில் படாதவை. நான் வட மாநிலமான மினசோட்டாவில் வசிப்பதால் எனக்குப் பழக்கமான சாக்ஸ்-ஸிம் சதுப்பு நிலத்தை வைத்தே சொல்கிறேன்.

டுலூத் நகரிலிருந்து வடமேற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சுமார் 300 சதுர மைல் பரப்பு. கருப்பு ஸ்புரூஸ், டாமராக் மரங்கள் நிற்கும் சதுப்பு, நடுநடுவே வைக்கோல் வயல்கள், பண்ணை வீடுகள். டாமராக் ஊசியிலை மரம்தான், ஆனால் குளிருக்கு முன்பே மஞ்சளாகி ஊசிகளைக் கொட்டிவிடும். முதல்முறை வருபவர்கள் காடே பட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

எல்லாரும் தேடி வருவது கிரேட் கிரே ஆந்தையை. இரண்டடிக்கு மேல் உயரம், எடையோ ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். மீதியெல்லாம் இறகு. வோல் என்கிற சிற்றெலி பனிக்கு அடியில் வழி போட்டு ஓடுவதைக் காதாலேயே கண்டுபிடிக்கும். பனி ஒலியை வளைத்துவிடுவதால், பக்கவாட்டிலிருந்து கேட்டால் எலி வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றும். அதனால்தான் இது நேர் மேலே வந்து, ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கேட்டுவிட்டுப் பாய்கிறது என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதை நேரில் பார்க்க வேண்டும். வட்ட முகம் கீழே பார்த்தபடி அசையாமல் நிற்கும், உடம்பும் சிறகும் மட்டும் ஆடும். பிறகு கால்களை நீட்டி நெஞ்சுவரை பனிக்குள் போய்விடும். அது எழுந்து போன இடத்தில் ஒரு குழி, இரு பக்கமும் சிறகு விரல்களின் தடம்.

எல்லா வருடமும் ஒரே மாதிரி இருக்காது. வடக்கே எலி குறைந்தால் ஆந்தைகள் தெற்கே இறங்கும். 2004-05 குளிர்காலத்தில் மினசோட்டாவில் மட்டும் 5000-க்கு மேல் பதிவாயின. சில வருடங்களில் ஒன்றைப் பார்ப்பதே பெரும்பாடு.

ஆந்தை கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். அட்மிரல் ரோட்டில் தீனி வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விதைகளோடு கொழுப்பும் வைப்பார்கள். அங்கே போய் நில்லுங்கள். சிக்கடி என்பது ஒரு குட்டிப் பறவை. கருந்தலைச் சிக்கடிகளின் கும்பலில் தலை பழுப்பாக ஒன்று தெரிந்தால் அது போரியல் சிக்கடி. கொழுப்பில் ஒரு கொத்து கொத்திவிட்டுப் பறந்துவிடும், கண் அங்கேயே இருக்கட்டும். காக்கை இனத்தைச் சேர்ந்த கனடா ஜே அதற்கு நேர் எதிர், மனிதருக்குப் பயப்படாது. எச்சில் பசையால் தீனியை மரப்பட்டை இடுக்கில் ஒட்டி வைத்துப் பிறகு தின்னும். பனி கிடக்கும்போதே கூடு கட்டத் தொடங்கிவிடும். எனக்கு ஆந்தையைவிட இதன்மேல்தான் ஆசை அதிகம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். படத்துக்காகக் கடையில் எலி வாங்கி வந்து ஆந்தைக்கு வீசுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவர் கூடவும் நிற்காதீர்கள். சாலையோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய ஆந்தை வண்டியில் அடிபட்டுச் சாகும். வேட்டையில் இருக்கும் ஆந்தை திரும்பத் திரும்ப உங்களையே பார்த்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அந்தக் குளிரில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அதற்கு நஷ்டம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். விடியலும் சாயங்காலமும்தான் ஆந்தை நேரம். ஜனவரித் தொடக்கத்தில் நாலரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். நடப்பதைவிடக் காரில் மெதுவாகப் போய், ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்ப்பதே நல்லது. வண்டிக்குள் இருக்கும் ஆளைப் பறவைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மைனஸ் 30 டிகிரி செல்சியஸ்வரை இறங்கும் இடம். கேமரா பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெதுவெதுப்பான அறைக்குள் போகும் முன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸெல்லாம் நீர் பூத்துவிடும். ஆவுல் அவென்யூவில் இருக்கும் வரவேற்பு மையத்தில் அன்றைக்கு எது எங்கே தென்பட்டது என்று கேட்கலாம். பிப்ரவரியில் மெடோலேண்ட்ஸ் ஊரில் பறவைத் திருவிழாவும் நடக்கும், அதற்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பெட்ரோல் டேங்கை நிரப்பிக்கொண்டே உள்ளே போங்கள்.