புற்றுநோய் மருத்துவர் என்னதான் செய்கிறார்?

"அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்க்கிறார், ஏன்?" என்று மேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

கலங்க வேண்டாம். கட்டியை அகற்றுபவர் ஒருவர், புற்றணுக்களை அழிக்கும் கீமோ மருந்தை முடிவு செய்பவர் இன்னொருவர், கதிர்வீச்சுக்குத் தனி நிபுணர். சதைப் பரிசோதனை முடிவு வந்ததும் மூவரும் கலந்து பேசி, எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பதே நல்ல முறை.

என் அத்தைக்கு மதுரையில் கீமோ நடந்தபோது, டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொல்லிப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுப்பார். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் அன்று மருந்து கிடையாது. உசிலம்பட்டி பஸ் ஏறித் திரும்பிவிடுவோம். அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. அந்த அணுக்கள் குறைந்த உடம்பில் சாதாரணக் கிருமியே உயிருக்கு உலை வைத்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. அதனால், கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

வலியை மறைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நம் ஊர்த் தாய்மார்கள் எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்பார்கள். வலியைத் தணிப்பதும் இந்த மருத்துவர்களின் வேலைதான். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளல்ல.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.