அந்தச் சிறுவனை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வி: 'ஆஸ்திரேலியா' படத்தை இப்போதுதான் பார்த்தேன். நிக்கோல் கிட்மன் - ஹியூ ஜாக்மன் காதலும் அந்தச் செம்மண் வெளியும் கண்ணைவிட்டு அகலவில்லை. நடுவில் அந்தச் சிறுவனின் கதையை எதற்கு நுழைத்தார்கள்? காதலை மட்டும் சொல்லியிருந்தால் படம் கச்சிதமாக இருந்திருக்குமே?
(மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: நுழைக்கவில்லை. முதல் காட்சியிலிருந்து கதை சொல்லும் குரலே 'நல்லா' என்ற பெயருள்ள அந்தச் சிறுவனுடையதுதான். இங்கிலாந்துச் சீமாட்டியும் மாடு ஓட்டுகிறவரும் காதலிப்பதை அவன் கண்ணால்தான் நாம் பார்க்கிறோம். அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல ஒளிப்பதிவு.

தண்ணீர்த் தொட்டிக் காட்சியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் நல்லாவும் அவன் அம்மா டெய்சியும் தொட்டிக்குள் இறங்கி ஒளிகிறார்கள். தண்ணீர் ஏறுகிறது. பிள்ளை பிழைக்கிறான், அம்மா மூழ்கிப் போகிறாள். அவர்கள் செய்த குற்றம் என்ன? அம்மா பூர்வகுடி, அப்பா வெள்ளைக்காரர். பிள்ளையைப் பிடித்துப்போக அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இது சினிமாவுக்காகக் கட்டிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1910-களில் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் வந்த சட்டங்கள், 'பாதுகாவலர்' என்ற அரசு அதிகாரியைப் பூர்வகுடி, கலப்பினக் குழந்தைகள் எல்லோருக்கும் சட்டப்படியான காப்பாளர் ஆக்கின. பெற்ற தாய் எதிரில் நின்றாலும் அவள் சொல் செல்லாது. 1997-ல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை, 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் நெஞ்சு பதறுகிறது. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அங்கே சொல்வது இவர்களைத்தான். பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் இவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. படம் வந்தது அதே ஆண்டு நவம்பரில். படத்தின் கடைசி எழுத்துகளும் அந்த மன்னிப்பைத்தான் சொல்கின்றன. அதைப் படித்த பிறகும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

சரி, படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை. சிறுவனுக்கு அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அவனுக்கும் அவன் மக்களுக்கும் போதிய அளவு கொடுக்கவில்லை என்கிறேன் நான். 1500 மாடுகளை வடக்குத் துறைமுகமான டார்வினுக்கு ஓட்டிப் போகும் பகுதியை எல்லோரும் ரசிக்கிறோம். படம் நடக்கும் அந்தக் காலத்தில் வடக்கே மாட்டுப் பண்ணைகள் ஓடியதே பூர்வகுடித் தொழிலாளர்களின் உழைப்பில். மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் இறைச்சி என்று படியளந்தார்கள். கூலி என்று கையில் வந்தது சொற்பம், பல இடங்களில் அதுவும் இல்லை. 1966 ஆகஸ்டில் அங்கே வேவ் ஹில் பண்ணையில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிந்ஜி என்ற பூர்வகுடி மக்கள் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். முதலில் கூலிப் பிரச்சினை போலத் தெரிந்தது, அப்புறம் நிலத்தையே திருப்பிக் கேட்டார்கள். 1975-ல் பிரதமர் விட்லம் அங்கே போய், நிலத்தைத் திருப்பித் தருவதன் அடையாளமாக லிங்கியாரியின் உள்ளங்கையில் மண்ணை அள்ளிப் போட்டார். நீங்கள் ரசித்த செம்மண் வெளிக்கு இப்படி ஒரு கதை உண்டு. படத்தில் இந்த மக்கள் பெரும்பாலும் உடன் வருகிறவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் நின்றுவிடுகிறார்கள்.

போர்ப் பகுதியிலும் இதே குறைதான். 1942 பிப்ரவரி 19 அன்று டார்வின்மீது ஜப்பானியர்கள் இரண்டு முறை குண்டு போட்டார்கள். முதல் தாக்குதலில் மட்டும் 188 விமானங்கள். 235 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். இதுவரை உண்மை. ஆனால் பிடித்துப்போன பிள்ளைகளை வைத்திருக்கும் தீவில் ஜப்பானியச் சிப்பாய்கள் இறங்கிச் சுடுவதும், ஜாக்மனின் பூர்வகுடி நண்பர் பிள்ளைகளைக் காப்பாற்ற உயிர் விடுவதும் கற்பனை. நடந்தது வேறு. அந்தத் தாக்குதலில் பழுதாகி மெல்வில் தீவில் இறங்கிய ஜப்பானிய விமானியை, அந்தத் தீவின் திவி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த மத்தியாஸ் உலுங்குரா என்ற இளைஞர் பிடித்துக்கொடுத்தார். ஆஸ்திரேலிய மண்ணில் பிடிபட்ட முதல் ஜப்பானியப் போர்க்கைதி அந்த விமானிதான். இவ்வளவு நல்ல நிஜம் கையில் இருக்கும்போது, பூர்வகுடி மனிதர் தியாகம் செய்து சாகும் பழைய வழக்கத்துக்கு ஏன் போனார்கள் என்பது எனக்கு ஆறவே இல்லை.

நல்லாவின் தாத்தா கிங் ஜார்ஜாக வரும் டேவிட் கல்பிலில், 1971-ல் சிறுவயதிலேயே திரைக்கு வந்தவர், 2021-ல் காலமானார். ஒற்றைக் காலில் நின்றபடி தொலைவிலிருந்து பேரனைப் பார்க்கும் அந்த உருவத்தில் வசனத்துக்கு வேலையே இல்லை. இன்னொரு முறை பார்த்தால் காதலர்களை விட்டுவிட்டு அவரைக் கவனியுங்கள்.

உங்களுக்குக் கச்சிதமான படம்தான் வேண்டும் என்றால், 2002-ல் வந்த 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்' ஒன்றரை மணி நேரம்தான். அதிலும் கல்பிலில் இருக்கிறார், தப்பியவர்களின் காலடித் தடம் தேடும் ஆளாக. காதல் கிடையாது. 1931-ல், தாயிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த முகாமிலிருந்து தப்பிய மூன்று பூர்வகுடிச் சிறுமிகள், முயல்களைத் தடுக்கக் கட்டிய வேலியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் தேடி நடக்கிறார்கள்.