கயிற்றில் வந்த வைஃபை

அன்புள்ள தம்பிக்கு,

ரங்கூனைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை என் பேத்தி போனில் படித்துக் காட்டுவாள். எனக்கு வயது எழுபத்தாறு. மியான்மரில், மோன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். 1964-ல் சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது, நாங்கள் தங்கிவிட்டோம். பேத்தி சென்னையில் இருக்கும் ஒரு டீச்சரிடம் போன் வழியாகத் தமிழ் படிக்கிறாள். வாரத்தில் மூன்று வகுப்பு. அதில் இரண்டு நாள் நெட் இருப்பதில்லை. தடுத்து வைத்த பக்கங்களைத் திறக்க உதவும் விபிஎன் போடச் சொல்கிறார்கள். ஆனால் சாலையில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மகன் கூடவே கூடாது என்கிறான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு ஒன்று தோன்றுகிறது. போன் வருவதற்கு முன்னால் இந்த நாடு இவ்வளவு கெட்டுப் போயிருக்கவில்லை. ஃபேஸ்புக் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரன் நம்மை வேறு மாதிரிப் பார்த்தான். அதை மூடியது நல்லதுதானே? மூடியவர்கள் யாராக இருந்தால் என்ன, நெருப்பு அணைந்தால் சரி இல்லையா? பேத்தியின் படிப்புக்கு ஒரு வழியும் சொல்லுங்கள்.

அன்புள்ள ஐயா,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். நான் நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன், என் பெயரில் எழுதலாம். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலையில் மாண்டலேயில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு முஸ்லிம் டீக்கடைக்காரர் வேலைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டார் என்று ஃபேஸ்புக்கில் ஒரு செய்தி பரவியது. பொய்ச் செய்தி. இரண்டு உயிர் போயிற்று. ஒருவர் பௌத்தர், ஒருவர் முஸ்லிம். அப்போது அங்கே ஃபேஸ்புக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள், ஊரடங்கும் போட்டார்கள். கலவரம் அடங்கியது. எரிகிற வீட்டுக்கு மின்சாரத்தை நிறுத்துவது போல, ஓர் ஊரில், ஓர் இரவுக்கு என்றால் நானும் மறுக்க மாட்டேன்.

அந்த நேரத்தில் நம் கைக்கு என்ன வந்தது, எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சிம்முக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்ட நாடு இது. தெருவோரத்தில் மேசை போட்டு, லேண்ட்லைன் போனை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்களே, அங்கே நின்றுதான் நாம் பேசினோம். 2014 ஆகஸ்டில் ஊரீடூ, அடுத்த மாதம் டெலினார் என்று வெளிநாட்டு போன் கம்பெனிகள் வந்தன. சிம் 1,500 கியாட். மூன்று நான்கு வருடத்தில் போன் இல்லாத கையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. கடைப் பையனே ஃபேஸ்புக் கணக்கும் திறந்து கொடுத்துவிடுவான். நெட் என்றாலே ஃபேஸ்புக்தான் என்று நம் ஆட்கள் நினைத்தார்கள். அத்தனை பேர் எழுதுவதையும் கவனிக்க, 2015 தொடக்கத்தில் அந்தக் கம்பெனியில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

பிறகு 2017-ல் 'கலா' என்ற சொல்லை ஃபேஸ்புக் தடுக்கப் பார்த்தது. இந்திய வம்சாவளிக்காரர்களை இழிவாகச் சொல்வது, உங்களையும் என்னையும் தெருவில் கூப்பிட்ட சொல். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் என் பெயரே அதுதான். அந்தச் சொல்லைத் தடுத்ததும் 'கலாபே' என்று எழுதியவர்களின் பதிவுகளும் சேர்ந்து போயின. கலாபே என்றால் கடலைப்பருப்பு! மனிதர்கள் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டிய வேலையை மெஷினிடம் விட்டதன் பலன் இது. பருப்பைப் பற்றி எழுதியவரின் பதிவு போயிற்று. நம்மை வெறுத்தவன் வேறு சொல் தேடிக்கொண்டான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூடியவர்கள் யாராக இருந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். ஐயா, எனக்கு அங்கேதான் எல்லாம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஐ.நா. உண்மை அறியும் குழு ரக்கைன் மாநிலத்து ரோஹிங்கியா முஸ்லிம்கள் மீது நடந்த கொடுமைகளைப் பற்றிப் பேசியபோது ஃபேஸ்புக்கையும் சேர்த்தே குற்றம் சொன்னது. அதே மாதம், அப்போது ராணுவத் தளபதியாக இருந்த மின் ஆங் ஹ்லைங்கின் கணக்கை ஃபேஸ்புக் நீக்கியது. அடுத்த சில வாரத்தில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது: சினிமா நடிகர், பாட்டுக்காரர் பெயரில் பக்கங்களைத் திறந்து, வெறுப்பை எழுதிப் பரப்புவதற்கென்றே ராணுவத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நம்மை வேறு மாதிரிப் பார்த்தான் என்கிறீர்கள். அவனுக்கு அந்தப் பார்வையைப் பழக்கிக் கொடுத்தவர்கள் யார்? 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ஆட்சியைப் பிடித்து, 4-ஆம் தேதி ஃபேஸ்புக்கை மூடியவர்களும் அவர்கள்தான். வெறுப்பு பரவிய வருடங்களில் மூடவில்லை. ஜனங்கள் அவர்களுக்கு எதிராகத் தட்டு அடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் மூடினார்கள்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். 2019 ஜூனில் ரக்கைன், சின் பகுதிகளில் ஒன்பது டவுன்ஷிப்பில் மொபைல் நெட்டை நிறுத்தினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நாம் ஓட்டுப் போட்ட அரசாங்கம். தொலைத்தொடர்புச் சட்டம் 77-ஆவது பிரிவு, அவசர நிலை, பொது நலன் என்றார்கள். மறு வருடம் கொரோனா வந்தபோது அப்படி ஒரு நோய் வந்திருப்பதே அங்கே சில கிராமங்களுக்குத் தெரியவில்லை. ரங்கூனில் இருந்த நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எங்கேயோ நடக்கிறது என்று இருந்துவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து அதே பிரிவு என் வீட்டு வாசலுக்கு வந்தது.

2021 பிப்ரவரி 15 முதல் தினமும் ராத்திரி ஒரு மணிக்கு நெட்டை நிறுத்தி, காலை ஒன்பதுக்குத்தான் விடுவார்கள். மார்ச் 15-லிருந்து போனில் டேட்டாவே இல்லை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஃபைபர் கம்பி வந்த வீட்டில் மட்டும்தான் நெட். எங்கள் கட்டிடத்தில் அது மூன்றாம் மாடியில் இருந்த எனக்கு இருந்தது. ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்குமே, நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர் போடுகிறவன் கிளிப்பில் மாட்டிவிட்டு இழுப்பான், நாம் மேலே தூக்கிக்கொள்வோம். அந்தக் கயிற்றில் வைஃபை பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதி மாட்டிக் கீழே இறக்கினேன். காலையில் மணி அடிக்கும், அட்டையைத் தூக்கினால் பின்பக்கம் பர்மிய எழுத்தில் நன்றி என்று இருக்கும். ஒரு நாள் கிளிப்பில் அட்டையோடு ஒரு பை லாப்பே, அதாவது ஊறவைத்த தேயிலை, இருந்தது. வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

கீழ்த்தளத்தில் ஒரு தமிழ் அம்மா இருந்தார். மகன் மலேசியாவில் ஹோட்டல் வேலை. அங்கே வேலை முடிய ராத்திரி இரண்டு மணி, நமக்குப் பன்னிரண்டரை. சிக்னல் இரண்டாம் மாடிப் படிக்கட்டு வரைக்கும்தான் நன்றாக இறங்கும். அந்தப் படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு பேசுவார். என்ன சாப்பிட்டாய், தலைக்கு எண்ணெய் வைத்தாயா, இவ்வளவுதான் பேச்சு. சரியாக ஒரு மணிக்கு மகன் முகம் அப்படியே நின்றுவிடும். வாய் பாதி திறந்திருக்கும். உடனே எழுந்து போய்விட மாட்டார். போன் வெளிச்சம் தானாக அணைகிற வரைக்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஐயா, நெருப்பை அணைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்த அம்மா எந்த நெருப்பை மூட்டினார்?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். டேட்டா விலை ஒரேயடியாக இரட்டிப்பானது. 2022 ஜனவரியில் புது சிம்முக்கு 20,000 கியாட் வரி. டெலினார் விற்றுவிட்டுப் போனது. 2024 மே கடைசியில் விபிஎன்களைத் தடுக்கத் தொடங்கினார்கள். 2025 ஜனவரி 1-ஆம் தேதி ஒரு சைபர் சட்டம் கொண்டுவந்தார்கள். அனுமதியில்லாமல் விபிஎன் சேவை கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை.

சிம் பதிவு நம்மை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. பதிவில்லாத சிம்மை நிறுத்துவோம் என்றார்கள். பதிவு செய்ய அடையாள அட்டை வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டத்தில் முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, அடுத்த நிலைக்கு நீலம், அதற்கும் அடுத்ததற்குப் பச்சை. மூன்று தலைமுறையாக இங்கே நெல் விளைத்தும் எந்த அட்டையும் கைக்கு வராத தமிழ்க் குடும்பங்களை நானும் நீங்களும் பார்த்திருக்கிறோம். அவர்கள் யார் பெயரிலோ வாங்கிய சிம்மில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு வேகம் குறைந்தது, விலை கூடியது. இவர்களுக்குப் போனே போயிற்று. நம் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் இதைப் பேச வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு நிதி திரட்டுகிற கை, அட்டை இல்லாத பத்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இமிக்ரேஷன் ஆபீசுக்கு ஒரு முறை போய் வரலாம். அதுவும் சாமி காரியம்தான்.

போன் வருவதற்கு முன்னால் நன்றாக இருந்தோம் என்பதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, மன்னியுங்கள். உங்கள் சித்தப்பா கப்பலேறினார். அந்தச் சமயத்தில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் போனார்கள். தமிழ்ப் பள்ளிகள் போயின. கடிதம் ஒன்று வர மாதம் ஆகும், அதையும் யாரோ பிரித்துப் படித்திருப்பார்கள். எங்கள் அப்பா இறந்த செய்தி தஞ்சாவூரில் இருந்த அத்தைக்குக் கிடைத்தபோது இங்கே நாற்பதாம் நாள் முடிந்திருந்தது. அந்த அத்தையின் பேரனை 2015-ல் போன் திரையில்தான் முதல் முறை பார்த்தேன். அப்பாவின் மூக்கு அப்படியே அவனுக்கு! பல வருடமாக அறுந்து கிடந்த உறவை அந்த 1,500 கியாட் சிம்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது.

2025 மார்ச் 28-ஆம் தேதி பூகம்பத்தையும் சொல்ல வேண்டும். அளவு 7.7, மாண்டலேயும் சகாயிங்கும் சரிந்தன, 3,000-க்கு மேல் சாவு. யார் எந்த இடிபாட்டில் இருக்கிறார்கள் என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லத் துடித்த நாட்கள் அவை. அப்போதுகூட ஃபேஸ்புக்கைத் திறந்துவிடவில்லை. மாண்டலேயில் இருக்கும் என் மைத்துனர் குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

இனி பேத்தி விஷயம். உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள். விபிஎன் போடு என்று நான் இங்கே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். அந்தப் போனோடு சாலையில் நிற்கப் போவது அவர். தமிழ் படிக்க நேரலை வகுப்பு கட்டாயமில்லை. சென்னையில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கென்றே படிப்படியாகப் பாடங்கள் வைத்திருக்கிறது, பாட்டும் கதையும் உண்டு. அதையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். டீச்சரிடம் வாரப் பாடத்தைக் குரலில் பதிந்து ஒரே கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். நெட் வருகிற அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். பேத்தி தன் வாசிப்பைப் பதிந்து அடுத்த முறை நெட் வரும்போது அனுப்பட்டும். மெதுவாகத்தான் போகும், ஆனால் அறாது.

ரங்கூனில் ஒரு நண்பரிடம் நேற்றே பேசிவிட்டேன். முதல் இருபது பாடங்களை ஒரு மெமரி கார்டில் ஏற்றித் தருகிறேன் என்றார். அதில் தமிழ்ப் பாடத்தைத் தவிர வேறெதுவும் இருக்காது. உங்கள் ஊர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது இருந்தால் தனி மடலில் எழுதுங்கள். பேத்தி எதுவரை வாசிக்கிறாள் என்றும் எழுதுங்கள். உயிர்மெய் முடித்துவிட்டாளென்றால் கதைகளையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்
உங்கள் தம்பி