முள்ளெலிக்கு முள் உதிர்கிறது, மகளுக்குக் கை அரிக்கிறது

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகள் வளர்க்கும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலிக்கு ஒன்றரை வயது. ஒரு மாதமாக முள் உதிர்கிறது, முதுகெல்லாம் பொடுகு, ஓயாமல் சொறிகிறது. இப்போது மகளின் மணிக்கட்டிலும் வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தில் ஒரு சொட்டு விடலாமா?

பதில்: விடாதீர்கள். அரைக் கிலோகூடத் தேறாத உயிர் அது. நாய்க்கான அளவே அதற்கு விஷமாகிவிடும். அதிலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால், பால்பல் விழுவதுபோல முள் மாறுகிறது என்று விட்டுவிடலாம். உங்களுடையதற்கு அந்த வயது தாண்டிவிட்டது. பொடுகும் சொறியும் சேர்ந்தால் முதல் சந்தேகம் 'காப்பரினியா' என்ற மைட் (தோலில் வாழும் மிகச் சிறிய ஒட்டுண்ணி) மேல்தான். ஒரு கறுப்புத் தாளை விரித்து, அதன்மேல் முதுகை மெல்லத் தட்டிவிடுங்கள். விழுந்த வெள்ளைத் தூள் நகர்ந்தால் அது பொடுகு இல்லை. நகரவில்லை என்பதற்காக மைட் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

ஆனால் எனக்கு முக்கியத் துப்பாகத் தெரிவது மகளின் கைதான். இந்த மைட் மனிதத் தோலில் குடியேறாது. வட்டமான அரிப்பு என்றால் படர்தாமரையாக இருக்கலாம். 'டிரைக்கோபைட்டான் எரினேசி' என்ற பூஞ்சை முள்ளெலிகளுக்கே உரியது, மனிதரிடம் எளிதில் தொற்றும். மைட்டும் பூஞ்சையும் ஒரே முள்ளெலியில் சேர்ந்து இருப்பதும் உண்டு. ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, குணமாகவில்லையே என்று அலைபவர்கள் நிறைய.

அதனால் சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் தோல் சுரண்டல் பரிசோதனை, பூஞ்சை வளர்ப்புப் பரிசோதனை இரண்டையும் கேளுங்கள். பின்னதன் முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். மைட்டுக்குப் பெரும்பாலும் செலமெக்டின் தருவார்கள். முட்டைகள் தப்பிப் பிழைப்பதால் மருந்தைத் திரும்பவும் போட வேண்டியிருக்கும். மருந்து போடும் அன்றே கூண்டுத் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மரத்தூள் படுக்கை என்றால் தூக்கி எறியுங்கள்.

மகளை அவளுடைய மருத்துவரிடம் கூட்டிப்போய், வீட்டில் முள்ளெலி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை, வீட்டில் கிடக்கிற ஸ்டீராய்டு களிம்பைத் தடவாதீர்கள். சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும்.

அப்புறம், நல்ல ஆரோக்கியமான முள்ளெலியின் சாணியிலும் சால்மொனெல்லா என்ற, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா இருக்கலாம். 2019-ல் அமெரிக்காவில் வளர்ப்பு முள்ளெலிகளிடமிருந்து அது பரவியது. கூண்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். முத்தமும் வேண்டாம், மகளுக்குக் கோபம் வந்தாலும்.