ஆய்விதழ் பதிப்பகம் மாறினால் பழைய ஆண்டுகள் போய்விடுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகம் பல வருடங்களாகச் சந்தா கட்டிவரும் தாவரவியல் ஆய்விதழ் ஒன்று ஜனவரி முதல் வேறு பதிப்பகத்துக்குப் போகிறது. காசு கொடுத்த பழைய ஆண்டுகளை இனியும் படிக்க முடியுமா?

பதில்: முதலில் பழைய உரிம ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். சந்தா கட்டிய ஆண்டுகளுக்கு நிரந்தர அனுமதி உண்டு என்று அதில் இருந்தால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. பல இதழ்களைச் சேர்த்து வாங்கும் தொகுப்புச் சந்தாவில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்: சில ஒப்பந்தங்களில் அந்த வரியே இருக்காது.

அமெரிக்கத் தகவல் தரநிலை அமைப்பான நைசோ, இதழ்கள் கைமாறுவதற்கென வைத்திருக்கும் 'டிரான்ஸ்ஃபர்' நெறிமுறையை ஏற்ற பதிப்பகங்கள் சந்தாதாரர் பட்டியலைக் கைமாற்ற வேண்டும். பழைய நிரந்தர அனுமதியைப் புதியவர் மதிக்க வேண்டும். ஆனால் இது சட்டமல்ல, விரும்பி ஏற்பது. தவிர, முகவர் மூலம் வாங்கியிருந்தால் பட்டியலில் உங்கள் கல்லூரி பெயரே இல்லாமல் போகலாம். அதனால் காத்திருக்காதீர்கள். ரசீது நகல்கள், சந்தா எண், கல்லூரியின் ஐபி முகவரிகள் மூன்றையும் சேர்த்துப் புதிய பதிப்பகத்துக்கு இப்போதே எழுதுங்கள்.

இணைப்புகள் விஷயத்தில் டிஓஐ, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள மாறாத அடையாள எண், கைகொடுக்கும். 'தி பிளான்ட் செல்' இதழ் 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்கு மாறியது. பழைய கட்டுரைகளின் டிஓஐ இன்றும் 10.1105 என்றே தொடங்குகிறது, புதியவை 10.1093. முன்னொட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், சொடுக்கினால் இரண்டும் புதிய தளத்துக்கே போகும். உங்கள் பட்டியலில் தளமுகவரியைப் போட்டு வைத்திருந்தால் டிஓஐக்கு மாற்றிவிடுங்கள். பதிப்பகம் மாறுவதால் மட்டும் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் மாறாது. இதழின் பெயர் மாறினால்தான் அந்தக் கவலை.

ஐஎஸ்எஸ்என் தளத்தில் 'கீப்பர்ஸ்' பதிவேடு இருக்கிறது. போர்டிகோ, கிளாக்ஸ் போன்ற காப்பகங்களில் எந்தத் தொகுதிகள் பத்திரமாக உள்ளன என்று அதில் தெரியும். பத்திரமாக இருப்பதும் நீங்கள் திறந்து படிப்பதும் வேறு வேறு என்பதை மட்டும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய தளம் மூடுவதற்குள் இதழ் எவ்வளவு படிக்கப்பட்டது என்று 'கவுன்டர்' என்ற பொதுத் தரமுறையில் காட்டும் பயன்பாட்டு அறிக்கைகளை இறக்கி வையுங்கள். அடுத்த சந்தாவுக்குப் பேரம் பேச அவைதான் ஆதாரம்.

அப்புறம், "அனுமதி கொடுத்துவிட்டோம்" என்று மின்னஞ்சல் வந்தாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வளாகக் கணினி ஒன்றில், சந்தா கட்டிய முதல் ஆண்டிலிருந்து ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி ஆண்டிலிருந்து ஒன்று எனப் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். இலவசமாக விட்டிருக்கும் கட்டுரையை வைத்துச் சோதித்தால் பயனில்லை. சுருக்கம் மட்டும் வந்தால் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அன்றே அனுப்புங்கள்.