அப்பாவின் கையெழுத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 32 வயது. ராத்திரி ஒரு மணி வரை கைபேசியில் ரீல்ஸ் பார்க்கிறேன், நிறுத்த முடியவில்லை. எல்லாம் டோபமின் செய்யும் வேலை, அதுதான் இன்ப ரசாயனம், இன்பம் தருவதையெல்லாம் ஒதுக்கிவைத்துச் சில நாள் ‘டோபமின் விரதம்’ இருந்தால் மூளை சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் கேட்டேன். நம் நடத்தை எல்லாமே நியூரான்கள் என்கிற மூளை நரம்பணுக்களும் ரசாயனங்களும்தான் என்றால், நான் செய்வதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? வீட்டிலும் நிம்மதி இல்லை. ஓய்வுபெற்றபின் அப்பா ஆளே மாறிவிட்டார். என் குழந்தை அவரிடம் ஓடினால்கூட முகத்தில் சிரிப்பு வராது. காபியில் வாசனையே இல்லை என்று அம்மாவிடம் தினமும் சண்டை. எல்லாவற்றிலும் சோம்பல், சட்டைப் பொத்தான் போடக் கால்மணி நேரம். கையெழுத்து பொடிப்பொடியாகி, வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். ஏதாவது கேட்டால் முணுமுணுப்புதான் பதில். நான் எரிந்து விழுகிறேன், பிறகு கைபேசியில் மூழ்குகிறேன். மூளை அறிவியல் இதற்கு உதவுமா?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது கைபேசியைப் பற்றி. நான் மறுபடி மறுபடி படித்தது அப்பாவைப் பற்றிய அந்த ஐந்தாறு வரிகளை. கொஞ்ச நாளாகவே எனக்கு என் அத்தையின் நினைவாக இருக்கிறது. உடனே பதில் எழுத அதுதான் காரணம்.

விரதத்தை முதலில் முடித்துவிடுவோம். டோபமினுக்கு விரதம் என்று ஒன்று கிடையாது. தூங்கும்போதும் அது சுரந்துகொண்டுதான் இருக்கும். ராத்திரி கைபேசியை வேறு அறையில் வையுங்கள், தூக்கம் வரும். அதற்கு எந்த ரசாயனத்தின் பெயரும் தேவையில்லை.

ஆனால் ‘இன்ப ரசாயனம்’ என்பதை அப்படி விட்டுவிட முடியாது. 1954-இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்கம்பியைப் பொருத்தினார்கள். நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் மின்சாரம் பாயும். எலி ஓயாமல் அழுத்தியது. மூளையின் இன்ப மையத்தைக் கண்டுவிட்டோம் என்று எல்லோரும் நம்பினார்கள், பின்னால் அந்தப் பட்டம் டோபமினுக்கு வந்து சேர்ந்தது. 1989-இல் அமெரிக்காவில் கென்ட் பெரிட்ஜின் குழு எலிகளின் டோபமின் நியூரான்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டுப் பார்த்தது. பக்கத்திலேயே இரை இருந்தும் அவை போய்த் தின்னவில்லை, விட்டிருந்தால் பட்டினியில் செத்திருக்கும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டதும் முன்போலவே சப்புக்கொட்டின. ருசி அப்படியே இருந்தது. அதை நாடி எழுந்து போகவைப்பதுதான் போய்விட்டது.

நடுமூளையில் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நியூரான்களில் இங்கே டோபமின் சுரப்பவை சில லட்சம்தான். எழுவது, நடப்பது, பொத்தான் போடுவது, பேரப்பிள்ளையைப் பார்த்ததும் முகம் மலர்வது எல்லாம் நினைத்த மாத்திரத்தில் நடப்பது இவற்றின் தயவில். பார்க்கின்சன் நோயில், நடுக்குவாதம் என்கிறோமே அதில், இந்த நியூரான்கள் செத்துக்கொண்டே வருகின்றன. உடம்பில் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கும்போது ஏறத்தாழ பாதி போயிருக்கும்.

அத்தைக்கு மன்னார்குடிப் பக்கம் வீடு. ஊருக்கே தெரிந்த சிரித்த முகம். அறுபதை நெருங்கும்போது அந்த முகம் அசைவே இல்லாமல் ஆகிவிட்டது. மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை அவள் ‘வாங்க’ என்றது அவர்கள் காதில் விழவில்லை. “பொண்ணோட அம்மாவுக்கு இவ்வளவு ராங்கியா” என்று பந்தியிலேயே பேச்சு கிளம்பியது. அப்புறம் நடை. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும்போது நிலைவாசல் பக்கத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், அப்படியே நின்றுவிடுவாள். ஆனால் மாடிப்படி ஏறுவாள். “மாடி ஏறத் தெரியுது, கூடத்துல நடக்கத் தெரியாதா? வேலைக்குப் பயந்து நடிக்கிறா.” சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவளோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கியவர்கள். இருந்தாலும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அது நடிப்பே இல்லை. சமதரையில் நாம் யோசிக்காமல் நடக்கிறோம். அந்த யோசிக்காத நடையைத்தான் டோபமின் குறைந்த மூளையால் தொடங்கவும் தொடரவும் முடிவதில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு விளிம்பும் கண்ணுக்குத் தெரிகிறது. கண் சொல்லக் கால் கேட்கும் அந்த நடைக்கு மூளையில் வேறு தடம் இருக்கிறது, அது இந்த நோயில் அவ்வளவு கெடுவதில்லை. தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் கிழித்தால், உறைந்து நின்றவர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவது உண்டு. ஒரு நாள் என் அப்பா தன் அக்காவின் காலுக்கு முன்னால் கைத்தடியைக் குறுக்கே வைத்தார். அத்தை அதைத் தாண்டிக் காலெடுத்து வைத்து நடந்தாள். அப்போதும் “பாத்தீங்களா நடிப்பை” என்றார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே திரும்பப் படியுங்கள். சிரிக்காத முகம், தணிந்த குரல், பொத்தானோடு போராடும் விரல், சுருங்கிப்போன கையெழுத்து. காபியில் வாசனை இல்லை என்பதற்கு அம்மாவின் காபி காரணமாக இல்லாமல் இருக்கலாம். முகரும் திறன் மங்குவது மற்ற அறிகுறிகளுக்குப் பல வருடம் முன்பே வரக்கூடியது. கை நடுங்கவில்லையே என்பீர்கள். நடுக்கம் இல்லாமலும் தொடங்கும். உங்களுடைய இரவுக்கு ரசாயனத்தில் காரணம் தேடிப் போயிருக்கிறீர்கள், அப்பாவுக்கு ‘சோம்பல்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். அவருக்கும் மூளை இருக்கிறது தம்பி. இது எனக்குக் கோபத்தை வரவழைத்தது, மறைக்க மாட்டேன்.

பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். பார்க்கின்சனுக்குத் தரும், டோபமினைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்ஸோல் போன்ற மருந்துகளால், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்கள் சூதாட்டத்தில் விழுந்ததுண்டு, அளவைக் குறைத்ததும் பலர் மீண்டதும் உண்டு. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்கள் அப்பாவிடம் எரிந்து விழுவது அந்த வகையில் சேராது.

பயப்படவும் வேண்டாம். 1957-இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார், நம் சர்ப்பகந்தா வேரில் இருக்கும் பொருள் அது. அது மூளையின் டோபமினைத் தீர்த்துவிடும். அதனால் அசையாமல் கிடந்த முயல்கள், மூளைக்குள் டோபமினாக மாறும் எல்-டோபாவை ஊசியில் போட்டதும் எழுந்து நடமாடின. 1961-இல் வியன்னாவில் பிர்க்மேயரும் ஹோர்னிகீவிச்சும் அதை நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள், படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்றும் முதன்மையான மருந்து அதுதான். 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டு நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாது.

நான் மருத்துவன் இல்லை. இது மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம். இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்பாவின் பழைய கையெழுத்து உள்ள தாள் ஒன்றையும் திரும்பி வந்த காசோலையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகத் தலைச்சுற்றலுக்கு சின்னாரிசின் ஏதாவது நெடுநாளாகப் போடுகிறாரா என்று பாருங்கள். அந்த மருந்தே சிலருக்கு இதே அறிகுறிகளைக் கொண்டுவரும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும். உள்ளே போகும்போது அப்பாவோடு நீங்களும் போங்கள், அவர் குரல் மருத்துவருக்குக் கேட்காமல் போகலாம்.